மேற்படி மகள்

எங்கள் சங்கத்தில் யாருக்காவது ஒரு பொருளைக் கொடுத்தால், அந்த ஆண்டின் விருதுகள் அறிவிக்கப்படும்வரை அதிலிருந்து கையை எடுக்கக் கூடாது. கையேட்டில் பதினேழாவது விதி. கொடுக்கும்போது எத்தனை கை பட்டதோ அத்தனை கையும் பட்டபடியே இருக்க வேண்டும். ஒரு கை விலகினாலும் அது சேவை ஆகாது. பொருள் சங்கத்துக்கே திரும்பிவிடும்.

போர்வை, நோட்டுப் புத்தகம் என்று கொடுக்கிற சங்கங்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கின்றன. பக்கத்து ஊர்ச் சங்கம் ஒரு வருஷம் ஆசைப்பட்டுக் கறவை மாடு கொடுத்தது. ஒன்பது பேரும் மாட்டோடு மேய்ச்சலுக்குப் போய்க் கறுத்து இளைத்துத்தான் திரும்பினார்கள். விருதும் கிடைக்கவில்லை. மாடு மட்டும் நன்றாக இருந்தது.

நாங்கள் கொடுத்தது தையல் மெஷின். நல்லிதயம் சேவைச் சங்கம் என்பது எங்கள் சங்கத்தின் பெயர். உறுப்பினர்கள் பெயருக்கு முன்னால் இதயம் என்று போட்டுக்கொள்ள வேண்டும். நான் இதயம் சென்னியப்பன், செயலாளர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். எழுத்தில் இருப்பது நிலத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலத்தைத் திருத்த வேண்டும் என்று அங்கே கற்றுக்கொண்டேன். வீட்டில் எனக்கு யாரும் இல்லை. மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது.

சுதந்திர தினத்தன்று கல்யாண மண்டபத்தில் விழா. பயனாளியின் பெயர் மகுடீஸ்வரி. அவள் கணவர் போர்வெல் லாரியில் வேலைக்குப் போய், வடக்கே ஏதோ ஒரு காட்டில் குழாய் சரிந்து இறந்துபோனவர். பத்தாவது படிக்கும் ஒரே மகள் கோகிலவாணி. மெஷின் கிடைத்தால் அக்கம்பக்கத்து ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைத்து மகளைக் கரையேற்றிவிடுவேன் என்று மனுவில் எழுதியிருந்தாள். மனுவைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். வந்த நாற்பது மனுக்களில் எழுத்துப் பிழை இல்லாதது அது ஒன்றுதான்.

மேடையில் தலைவர் நாச்சிமுத்து மெஷினின் சக்கரத்தின் மீது கை வைத்தார். பொருளாளர் அர்த்தநாரி ஊசிக்கு நேர் கீழே உள்ளங்கையை வைத்தார். இன்னும் நான்கு பேர் பலகையைப் பிடித்தார்கள். நான் ஒதுங்கித்தான் நின்றேன். போட்டோக்காரர்தான், "செகரட்டரி சார், நீங்களும் ஒரு கை வைங்க. இந்தப் பக்கம் காலியா இருக்குது," என்றார். நூல்கண்டு மாட்டும் கம்பிக்குப் பக்கத்தில் வலக்கையின் இரண்டு விரலை வைத்தேன். ஆக ஏழு கை.

மண்டபத்திலிருந்து மெஷினையும் எங்களையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி மகுடீஸ்வரியின் வீட்டில் இறக்கினார்கள். லைன் வீடு. ஒரே அறை. நடுவில் மெஷினைப் போட்டதும், சுற்றி நாங்கள் உட்கார்ந்ததும், அம்மாவுக்கும் மகளுக்கும் அடுப்படி மிஞ்சியது. கோகிலவாணி புத்தகப் பையைத் தூக்கி ஆணியில் மாட்டிவிட்டு எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். தலைவருக்கு இடது கையால் சொம்பு பிடிக்க வரவில்லை. அவளே வாயில் ஊற்றினாள்.

அப்படியே இருந்தோம். எங்கள் வீடுகளிலிருந்து தூக்குப்போசியில் சோறு வந்தது. வராத நாளில் மகுடீஸ்வரி ஏழு பேருக்கும் ரசம் வைத்தாள். ஆவணியில் அர்த்தநாரியின் மகளுக்குக் கல்யாணம். பந்தலை லைன் வீட்டு வாசலில் போட்டு, மெஷினை வாசற்படிவரை நகர்த்தி, நாங்கள் ஆறு பேரும் கூடவே நகர்ந்தோம். அவர் ஒரு கையால் தாரை வார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் மரியாதை தெரிந்தவர்கள். மெஷினுக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள்.

முதல் மாதம் முடிந்தபோது மகுடீஸ்வரி என்னிடம் வந்து நின்றாள். கையில் வெட்டி வைத்த ஜாக்கெட் துணி.

"ஏனுங்ணா, பெடலையாவது மெதுவா மிதிச்சுப் பாக்கட்டுங்களா?"

"மிதிச்சாச் சக்கரம் சுத்துமம்மா. சுத்துனா தலைவர் கை எடம் மாறிப்போயிரும்."

"ஊசியாச்சும்..."

"ஊசிக்கு அடியில பொருளாளர் கை இருக்குதே."

அவள் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அக்கம்பக்கத்தார் தைக்கக் கொடுத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டு வாங்கிப் போனார்கள். சட்டைக்குப் பொத்தான் தைக்கிற வேலையை ஒரு கம்பெனியிலிருந்து வாங்கி வந்து, மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கை ஊசியால் தைத்தாள். விரல் நுனிகள் கொப்பளித்துக் காய்த்துப்போயின. பக்கத்து வீட்டுப் பொன்னம்மா எங்களை எட்டிப் பார்த்துவிட்டு, "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்லுவாங்க. இங்க ஏழு பூசாரியல்லோ இருக்கறாங்க," என்றாள். தலைவருக்கு அது பிடிக்கவில்லை. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்று விளக்கினார். பொன்னம்மா, "இழுக்கத்தானுங்க சொன்னாங்க. புடிச்சு நிறுத்தவா சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான் என் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் சங்கத்தின் மண்டல அலுவலகத்துக்கு அறிக்கை போக வேண்டும். எங்கள் அறிக்கை ஒரு முறைகூடத் தாமதமானதில்லை. படிவத்தில் 'பயனாளியின் குடும்ப நிலை' என்று ஒரு கட்டம். முதல் மாதம் அதில், 'மகள் தாயுடன் இருந்து பத்தாம் வகுப்புப் படிக்கிறாள்' என்று எழுதினேன். இடது கையால் எழுதுவதால் நான்கு சொல்லுக்கு மேல் வலித்தது. அடுத்த மாதத்திலிருந்து 'மேற்படி' என்று எழுதினேன். பதிவு அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை எழுதுகிற சொல். இடது கைக்கும் அது தானாகவே வந்தது.

தை பிறந்தது. கம்பெனியில் பொத்தான் வேலை நின்றுபோயிற்று. வீட்டு வாடகை கேட்டு வருகிறவர், நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சத்தம் போடாமல் திரும்பிப் போனார், ஆனாலும் திரும்பத் திரும்ப வந்தார். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் ஒரு பெண்மணி வந்தாள். நூல் மில்லுக்கு ஆள் சேர்க்கிறவள். மில்லிலேயே தங்கி மூன்று வருஷம் வேலை செய்ய வேண்டும், சோறு அவர்களுடையது, முடிந்து வரும்போது கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்றாள். மகுடீஸ்வரி மெஷினைப் பார்த்தாள். பிறகு எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேன் வந்த அன்று காலை கோகிலவாணி ஆணியிலிருந்து புத்தகப் பையை எடுத்து, புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டு, அதே பையில் துணிகளை வைத்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, உங்குளுது ரெண்டே ரெண்டு வெரல்தான?"

"ஆமா சாமி."

"எடுத்தா?"

"எடுத்தா இது சேவை ஆகாது. மெஷினைத் திருப்பி எடுத்துட்டுப் போயிருவாங்க. அம்மாளுக்கு ஒண்ணுமே இல்லாமப் போயிரும்."

அவள் யோசித்தாள். "இப்ப இருக்குதுங்களா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

வேன் புறப்படுகிற சத்தம் கேட்டபோது நான் அழுதேன். மற்ற ஆறு பேரும் அழுதார்கள். ஏழு பேரும் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். இரண்டு விரலைக்கூட எடுக்காத மனிதனாக இருந்துவிட்டேனே என்ற வேதனை இன்றும் எனக்கு உண்டு. எடுத்திருந்தாலும் வேறு ஒரு வேதனை இருந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் இது குறைவதில்லை.

பிப்ரவரி ஐந்தாம் தேதி அறிக்கை எழுதினேன். 'மேற்படி.' மார்ச்சிலும் அதுவே. ஏப்ரலிலும் அதுவே. பொய் சொல்ல நினைத்து எழுதவில்லை. கை எழுதிக்கொண்டு போனது, நான் பார்க்கவில்லை.

ஜூனில் விருது அறிவித்தார்கள். சிறந்த சமூக சேவை, சிறந்த நிர்வாகம் இரண்டும் எங்கள் சங்கத்துக்கே. பத்து அறிக்கைகளிலும் ஒரு முரண்பாடுகூட இல்லாத ஒரே சங்கம் நாங்கள்தான் என்று கடிதத்தில் இருந்தது. மண்டல ஆளுநர் நேரில் வந்தார். லைன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, மணியடித்துக் கூட்டத்தைத் தொடங்கினார்கள். ஆளுநர் உள்ளே வந்து, "இதயங்களே, கைகளை எடுக்கலாம்," என்றார். எடுத்தோம். பத்து மாதம் மடக்கியிருந்த விரல்கள் நிமிர மறுத்தன. தலைவரின் கை வளைந்தே இருந்தது. அதனால் கேடயத்தை வாங்க அவருக்கு வசதியாக இருந்தது.

ஆளுநர் பாராட்டுரையைப் படித்தார். "இந்த இல்லத்தின் மகள் செல்வி கோகிலவாணி தாயுடன் இருந்து பத்தாம் வகுப்புப் படித்துவருகிறாள்" என்ற இடத்தில் நிமிர்ந்தார். அவளுக்குக் கொடுப்பதற்காக ஒரு பேனாவும் ஜியோமெட்ரி பாக்ஸும் கொண்டுவந்திருந்தார். "எங்கம்மா பொண்ணு?" என்றார்.

மகுடீஸ்வரி, "மில்லுக்குப் போயிட்டாளுங்க," என்றாள்.

ஆளுநர் கோப்பைப் புரட்டினார். "பதிவுல இங்கதான இருக்கறாங்க," என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. பதிவு செயலாளரின் பொறுப்பு, அவ்வளவுதான்.

மில்லுக்குப் போன் போட்டுக் கேட்டோம். அவர்களுடைய நிர்வாகமும் நன்றாகவே இருந்தது. கோகிலவாணி மூன்று வருஷத்துக்கு அவர்கள் பதிவேட்டில் இருந்தாள். அவளை எடுத்தால் அவர்கள் பதிவு பொய்யாகிவிடும். பள்ளிக்கூடத்திலும் எங்கள் அறிக்கையின் நகலை வைத்துக்கொண்டு அவள் பெயரை அடிக்காமல் வைத்திருந்தார்கள். ஒரே கோகிலவாணி இரண்டு இடத்தில் இருக்க வேண்டியிருந்தது. நான் எழுந்து போய் மகுடீஸ்வரியின் பக்கத்தில் நின்றேன். ஆளுநர் பேனாவையும் ஜியோமெட்ரி பாக்ஸையும் என்னிடம் கொடுத்து, "நல்லாப் படிக்கணும்மா," என்றார். சரிங்க என்றேன்.

மறுநாள் மகுடீஸ்வரி மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். முதல் தையலாக எனக்கு யூனிஃபார்ம் தைத்தாள். அளவு எடுக்க டேப்பை என் தோளில் வைத்தாள். பிறகு, "நேரா நில்லு கண்ணு. வளர்ற புள்ள, மடிப்புக் கொஞ்சம் சேத்தி உட்டுத் தெக்கறேன்," என்றாள். எனக்கு வயது அறுபத்தொன்று. நேராக நின்றேன்.

பள்ளிக்கூடத்தில் என்னை இரண்டாவது பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கோகிலவாணி என்று கூப்பிட்டால் உள்ளேன் அம்மா என்பேன். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், நோட்டுக் கொடுத்து உதவினார்கள். சாயங்காலம் வந்தால் மகுடீஸ்வரி தலைக்கு எண்ணெய் வைத்து, இருக்கிற முடியை வகிடெடுத்து வாரிவிடுவாள். சில நாள் வாரிக்கொண்டே இருக்கும்போது சீப்பு நின்றுவிடும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆடி முடிவதற்குள் பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. மடிப்பைப் பிரித்து இறக்கிவிட்டாள்.

மில்லில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் பேச விடுவார்கள், வார்டன் போனிலிருந்து ஐந்து நிமிஷம். காலாண்டுத் தேர்வு முடிந்து தாள் கொடுத்த வாரம் கோகிலவாணி கூப்பிட்டாள். மகுடீஸ்வரி போனை எங்கள் இருவருக்கும் கேட்கும்படி வைத்தாள். சாப்பிட்டாயா, இருமல் நின்றதா என்று கேட்டாள். இருமல் இருக்கிறது என்றாள் மகள், பஞ்சுத் தூசி என்றாள். பிறகு அவளே கேட்டாள்.

"அம்மா, காலாண்டுல நான் கணக்குல எத்தனை?"

மகுடீஸ்வரி என்னைப் பார்த்தாள். "முப்பத்தெட்டு," என்றேன்.

"முப்பத்தெட்டாமா," என்றாள் மகுடீஸ்வரி போனில்.

அந்தப் பக்கம் தூரத்தில் மெஷின்கள் ஓடுவது கேட்டது. கோகிலவாணி இருமி முடித்துவிட்டுப் பேசினாள்.

"நீ வருத்தப்படாதம்மா. அரையாண்டுக்குள்ள நல்லாப் படிச்சுருவேன். எம்மேல சத்தியமா."

போன் அணைந்தது. மகுடீஸ்வரி அதைக் கீழே வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சத்தியம் பண்ணீட்டயல்லோ கண்ணு. புஸ்தகத்த எடுத்துட்டு உக்காரு."