பாதி நோய்

மாமியார் டம்ளரின் மேல் ஒரு சின்னத் தட்டை வைத்து மூடி நீட்டினாள், மருந்து கொடுக்கிற மாதிரி.

"இதை உள்ள கொண்டுபோய்க் கொடு. அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் தூங்கட்டும்."

மூடியும் சாராய நாற்றம் அடங்கவில்லை. மருமகள் வாங்காமல் நின்றாள். பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். நாத்தனாருக்கு இது மூன்றாவது சம்பந்தம். முதல் இரண்டும் ஏன் கலைந்தன என்று இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உள்ளறைக் கதவை ஒரு பார்வை பார்ப்பதோடு சரி. அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டவன் கொழுந்தன். சாத்தினால் சத்தமே வராது என்று தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டான். பாட்டிலை வாங்கி வந்ததும் அவன்தான். மற்ற நாளெல்லாம் மூத்த மகன் குடிக்கிறான் என்று தலையில் அடித்துக்கொள்கிறவர்கள், விருந்தாளி வரும் நாளில் மட்டும் தாங்களே ஊற்றிக் கொடுத்தார்கள்.

அவளுக்கு நாற்றம் புதிதல்ல. மூன்று தெரு தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை. ரத்தமும் சீழும் வாந்தியும் ஊறிய விரிப்புகளைத் தரம் பிரித்து, முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, அதன்பிறகே வெந்நீரில் போட வேண்டும். எடுத்தவுடன் வெந்நீரில் போட்டால் கறை துணியோடு துணியாக ஒட்டிக்கொள்ளும். அதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்கிறவளுக்கு, இந்த வீட்டுக் கூடத்தில் காலையில் தெளித்த வாசனைத் தண்ணீரால்தான் குமட்டிக்கொண்டு வந்தது.

அவள் கணவன் லாரிப் பட்டறையில் இன்ஜின் பிரித்து மாட்டியவன். நாலு வருஷத்துக்கு முன்னால், பட்டறையில் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னான். ஆளில்லாத இடத்திலும் பேசினார்கள். அந்தக் குரலை அமுக்கக் குடித்தான். குடிக்கக் குடிக்கக் குரல் இன்னும் நெருங்கி வந்து உட்கார்ந்துகொண்டது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. பார்த்த லட்சணம்தான் சொல்லும்படி இல்லை. முதலில் குடியை நிறுத்தும் இடத்துக்கு, வெளியூருக்குப் போனார்கள். குடிகாரன் என்றால் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான், பைத்தியம் என்றால் தங்கச்சியை யார் கட்டுவான் என்று மாமியார் வழியெல்லாம் பாடம் நடத்தினாள். குரல் விஷயத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. மூன்றாம் நாள் அவன் பக்கத்துக் கட்டில்காரனின் கழுத்தைப் பிடித்தான். பையோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்தது இன்னும் தொலைவில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரி. அங்கே குடிகாரக் குடும்பம் என்று டாக்டர் மதிக்க மாட்டார் என்று குடியை மறைத்தார்கள். கொடுத்த மாத்திரையின் மேலேயே அவன் குடித்தான். ஒரு பகல் முழுக்கத் தன் வாந்தியில் முகம் புதைந்து கிடந்தான். ஆளுக்குப் பாதி சொன்னார்கள். அவன் முழுசாகச் செத்துக்கொண்டிருந்தான்.

போன வாரம் விரிப்பு எடுக்க வந்த நர்சிடம் அவள் மொத்தத்தையும் கொட்டிவிட்டாள். நர்ஸ் எதிர்க் கட்டடத்தைக் கைகாட்டினாள். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்து அறையில், புதன்கிழமை காலையில், ஒரே டாக்டர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறாராம். "நீயா குடியைத் திடீர்னு நிறுத்திடாத, வலிப்பு வந்துடும். குடிச்சிருந்தாலும் அப்படியே கூட்டிட்டு வா. ஒண்ணு விடாம சொல்லு."

இன்று புதன்கிழமை.

"டாக்டர் வர்ற நாள் அத்தை. மூணு தெருதான், நடந்தே போயிடலாம்."

"அதனாலதான் வேணாங்கறேன். மூணு தெருவும் பாக்கணுமா? கல்யாணம் முடியட்டும், தூரமா எங்கயாவது பாத்துக்கலாம்."

கொழுந்தன் தலை வாரிக்கொண்டே, "பக்கத்துல வைத்தியம் பாக்கறதும், மைக் வெச்சு சொல்றதும் ஒண்ணுதான் அண்ணி" என்றான். கண்ணாடியில் தன்னைப் பார்த்தே சிரித்தும் கொண்டான்.

வாசலில் கார் நின்றது. மாமியார் டம்ளரை அவள் கையில் திணித்துவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு ஓடினாள்.

உள்ளறை ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். மூலையில் மூத்திர வாளி. நேற்றைய தட்டில் எறும்பு. சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த கணவனின் கை நடுங்கியது. டம்ளரைப் பார்த்தான்.

"அம்மா கொடுத்தாளா?"

"ஆமா."

"காதுல பேசறவனும் குடின்னுதான் சொல்றான். அம்மாவும் அவனும் ஒரே பேச்சு."

அவள் டம்ளரைத் தரையில் வைத்தாள். "வேணும்னா குடிச்சுக்குங்க. ஆனா என்கூட வாங்க. டாக்டர்கிட்ட ரெண்டையும் சொல்லிடலாம்."

"ரெண்டையுமா?" என்றான். சுமை இறக்க இடம் காட்டியவளைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, மீதியைத் தள்ளி வைத்தான்.

அவன் முகத்தைத் துடைத்து, சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டாள். கொல்லைப் பக்கம் ஒரு வழி இருந்தது. குப்பைத் தொட்டிகளைக் கடந்து போகிற வழி. ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள். பிறகு கூடத்துக் கதவைத் திறந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா கோப்பையை உதட்டருகே வைத்தபடி பார்த்தாள். "பெரியவனுக்குக் காய்ச்சல்..." என்று மாமியார் இழுத்தாள்.

"காய்ச்சல் இல்லீங்க. குடிக்கிறாரு, காதுல குரலும் கேக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

மாமியாரின் பார்வை கொள்ளிக்கட்டையாகச் சுட்டது. மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த நாத்தனார் மட்டும் எழுந்தாள். அலமாரிக்கடியில் ஒளித்து வைத்திருந்த அண்ணனின் செருப்பைத் தேடி எடுத்து, அவன் காலருகே வைத்தாள்.

வாசலைத் தாண்டியதும் பின்னால் அவசரமாக யாரோ வரும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா. மேல்மூச்சு வாங்க, வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த டாக்டர் என்னிக்கு வருவாரு?"

"புதன்கிழமை காலையில. மருந்து ஜன்னலுக்குப் பக்கத்து ரூம்."

"ரெண்டும் சேந்து இருந்தாலும் பாப்பாங்களா?" குரலைத் தணித்துக்கொண்டாள். "எங்க மூத்தவனை மாடியிலயே வெச்சிருக்கோம். நான் கேட்டேன்னு யாருக்கும் தெரிய வேணாம்மா."

கண்ணைத் துடைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். திறந்திருந்த ஜன்னல் வழியாக அவள் குரல் தெருவரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க. இப்படிப்பட்ட ரத்தம் ஓடுற குடும்பத்துல நாங்க எப்படிப் பொண்ணு எடுக்கறது?"

மருமகள் சாக்கடைப் பக்கம் திரும்பிக் காறித் துப்பினாள். பிறகு கணவனின் நடுங்கும் கையைப் பிடித்துக்கொண்டு, நடுத்தெருவில் நடந்தாள்.