மேயர் திறந்த வால்வு

குடிநீர் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக வால்வு திருகுகிறவர் அவர். ஊரில் பாதிப் பேர் காலையில் முகம் கழுவுவது அவர் கை புண்ணியத்தில்தான். ஆனால் தெருவில் இறங்கி நடந்தால் அவரை ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

புது மேயரைத் தெரியாதவர்களோ கிடையாது. பதினைந்து வருடம் சினிமாவில் கெட்டவர்களைத் துவைத்துக் காயப்போட்டவர். நிர்வாகம் என்றால் என்னவென்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கே ஓட்டு விழுந்தது. பாதி ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது, மீதி ஊர் அவர் பேச்சை எடுத்தாலே முகம் சுளித்தது. வால்வுக்காரர் ஆடிய கூட்டம். அவருடைய அக்கா சுளித்த கூட்டம். இதில் வாய்த்தகராறு முற்றி, தேர்தலுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

அப்புறம்தான் பெரிய குழாய் உடைந்தது. மூன்று நாள் ஊர் வறண்டு கிடந்தது. உடைப்பை அடைத்ததும் ஆறு மணி நேரம் தண்ணீரை ஓடவிட்டுக் குழாயைக் கழுவ வேண்டும், பிடித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும், அதன் பிறகே வீடுகளுக்கு விட வேண்டும். இது வால்வுக்காரருக்குத் தூக்கத்திலும் தெரியும்.

இரண்டாவது மணி நேரத்தில் மேயர் கேமராக்களோடு வந்து இறங்கினார்.

"இப்ப திறந்தா வீட்டுக்குத் தண்ணி போயிடுமா?"

"போயிடும் சார்."

பொய் இல்லை. தண்ணீர் போகும். குடிக்கலாமா என்று அவர் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை. இவர் 'ஆனா' என்று தொடங்குவதற்குள் மேயரின் கை இவர் தோளில் விழுந்தது. எத்தனை படங்களில் பார்த்த கை! சொல்ல வந்ததை விட்டுவிட்டு இவர் நகர்ந்து வழிவிட்டார். மேயர் வால்வுச் சக்கரத்தைத் தப்பான பக்கம் திருப்பினார். இவர்தான் அந்தக் கையைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பிவிட்டார்.

மூன்றாம் நாள், மாதக்கணக்கில் பேசாத அக்காவிடமிருந்து போன் வந்தது. சின்னவளுக்கு வாந்தி, பேதி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. இவர் ஓடினார். வார்டு முழுக்கக் குழந்தைகள். அக்கா மகள் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது, கண் திறக்கவில்லை. இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்துத் தலைகுனிந்து நின்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேப்பர்ல போட்டோ பாத்தேன்டா. நீ வேணாம்னுதான் சொல்லியிருப்பே. அந்தப் பாவி கேட்டிருக்க மாட்டான். அப்படித்தானே?"

அவர் வாயைத் திறந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வார்டைப் பார்த்துத் திரும்பினாள். தன் தம்பி எவ்வளவோ தடுத்துப் பார்த்தான் என்று ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டு போனாள். பக்கத்துக் கட்டிலில் மகனைக் கிடத்தியிருந்த ஒரு தாய் எழுந்து, தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களாவது சொன்னீங்களே. உக்காருங்கண்ணா."

அவர் உட்கார்ந்தார்.