கிரேன்காரனைக் கொன்றது யார்

அவள் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தாள். துறைமுகத்து இணைப்புகள் எல்லாம் அவள் பலகைக்குத்தான் வரும். பேசுகிறவர்கள் பேச்சைக் கேட்கக் கூடாது என்பது விதி. கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டிருந்தார்கள். எந்தக் கிரேன் பழுது, எந்த மேஸ்திரி யாரோடு முறைத்துக்கொண்டிருக்கிறான், விபத்து நடந்தால் அதை மேலிடத்துக்கு எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குள் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தது. காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால், இரண்டு மகள்களும் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை சாப்பாட்டு மேசை அவளுடையது. அந்த மேசையில்தான் துறைமுகத்துக் கிரேன்காரன் ஒருவனைப் பற்றி நாவல் எழுதத் தொடங்கினாள்.

இரண்டு பத்திரிகைகள் அதன் முதல் அத்தியாயங்களைத் திருப்பி அனுப்பின. குடும்பக் கதை ஏதாவது இருந்தால் அனுப்பும்படி இரண்டுமே கேட்டிருந்தன. மூன்றாவது பத்திரிகைக்கு அனுப்பும்போது அவள் முதல் பக்கத்தில் பெயரே போடவில்லை. அந்த அலுவலகம் கணவர் போகிற வழியில் இருந்ததால், நேரில் கொடுத்துவிடுவதாக அவரே வாங்கிக்கொண்டு போனார்.

கணவர் குடிநீர் வாரியத்தில் தலைமை எழுத்தர். நல்ல மனிதர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். ஒரு வாரம் கழித்துப் பதில் கேட்கப் போனபோது எடிட்டர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"இப்படி எழுதணும்னா அந்த வெயில்ல நின்னிருக்கணும் சார். துறைமுகத்துப் பக்கம் எத்தனை வருஷமாப் போறீங்க?"

தன்னுடையதைவிடப் பெரிய நாற்காலிக்காரரை மறுத்துப் பேசிக் கணவருக்குப் பழக்கம் இல்லை. "அப்பப்பப் போவேன்" என்றார். தலைமை எழுத்தராக உள்ளே போனவர் எழுத்தாளராக வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஷூ நாடாவை வெகுநேரம் அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எடிட்டர் ரொம்பப் புகழ்ந்தார்."

"என்னையா?"

"கதைய. தொடரா போடறாங்களாம். என் பேர்ல வருது."

"உங்க பேர்ல எதுக்கு?"

"நான்தான் எழுதினேன்னு நினைச்சுட்டார். இல்லேன்னு சொல்றதுக்குள்ள அடுத்த விஷயத்துக்குப் போயிட்டார்."

அவள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் இரண்டு முறை வீட்டுக்குத் திரும்பி வந்த கிரேன்காரன் இப்போது அச்சுக்குப் போகிறான். அவனை மறுபடி அலமாரியில் படுக்கவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. "வரட்டும். முதல்ல வெளிய வரட்டும்" என்றாள்.

வந்தான். ஊரே அவனைத் தூக்கி வைத்துக்கொண்டது. தேநீர்க் கடைகளில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்டார்கள். கணவர் பின்பக்கம் முடி வளர்த்தார். பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டு வரத் தொடங்கினார். கப்பலைக் கரையிலிருந்து பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். அது வெளியே யாருக்கும் தெரியாது. எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டால், "எழுத்து தானா வரும்" என்பார். அதில் பொய் இல்லை. வாரம் ஒருமுறை சாப்பாட்டு மேசையிலிருந்து அவர் பைக்குத் தானாகத்தான் வந்தது.

தொடர் சூடு பிடித்திருந்த சமயம், நூலகத்தில் வாசகர் கூட்டம் வைத்தார்கள். அவளும் போயிருந்தாள். சின்ன மகள் மடியில் தூங்கிவிட்டதால் கடைசி வரிசையை விட்டு நகர முடியவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "கிரேன்காரனுக்கு ஒண்ணும் ஆயிடாதே சார்?" என்று கேட்டாள்.

கணவர் மைக்கைப் பிடித்தார். "நான் உயிரோட இருக்கிறவரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. இது என் வாக்கு."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஓரமாக நின்றிருந்த துறைமுகத் தொழிலாளர்கள்தான் அதிகம் தட்டினார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் அவள் மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த வாரம் அவன் செத்துப்போறான்."

"என்ன விளையாடறியா?"

"எழுதி முடிச்சு மேசைமேல வெச்சிருக்கேன்."

"மாத்து. அத்தனை பேர் முன்னாடி வாக்குக் கொடுத்திருக்கேன்."

"கிரேனோட இரும்பு வடம் நைஞ்சுபோச்சு, மாத்துங்கன்னு அவன் ஆரம்பத்துலேர்ந்து கத்திட்டிருக்கான். யாரும் மாத்தல. இப்ப அது அறுந்து விழலேன்னா, மாத்தாம விட்டவங்க செஞ்சது சரின்னு ஆயிடும்."

"கதைதானே. ஒரு தடவை பொழைச்சா என்ன குறைஞ்சிடும்?"

"நான் ஹெட்போன்ல கேட்ட விபத்துல ஒருத்தன்கூடப் பொழைக்கலைங்க" என்றாள் அவள்.

கணவர் அந்த அத்தியாயத்தை வாங்கிக்கொண்டு போனார். வழியில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, வாழ்நாளில் முதல்முறையாகச் சொந்தமாக ஒரு பத்தி எழுதினார். அதில் கிரேன்காரன் மருத்துவமனையில் கண் விழித்து, புன்னகை பூத்து, "நான் நலமாக இருக்கிறேன்" என்றான்.

எடிட்டர் நின்றபடியே படித்தார். கண் கலங்கியது. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இதை எழுதும்போது உடம்பு சரியில்லையா சார்?"

"ஏன்?"

"செத்தவன் எதுக்கு எழுந்து நலம்னு சொல்றான்? முந்தின வரியிலயே முடிஞ்சுபோச்சே." சிவப்பு மையால் அந்தப் பத்தியைக் குறுக்கே அடித்துவிட்டுக் கணவரின் தோளில் தட்டினார். "பெரிய எழுத்தாளர்களுக்கும் சறுக்கும். நாங்க எதுக்கு இருக்கோம்?"

இதழ் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. துறைமுகத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். சலவைச் சட்டை போட்டு, சாவு வீட்டுக்கு வந்தவர்களைப் போல நின்றார்கள். முன்னால் நின்ற மீசைக்காரர்தான் பேசினார்.

"வாக்குக் கொடுத்தீங்களே சார். ஏன் கொன்னீங்க?"

கணவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை மாதம் சொல்லாததை அப்போதுதான் சொன்னார். "நான் எழுதலைங்க. சத்தியமா. எல்லாம் இவ எழுதறது."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "செஞ்சதை செஞ்சேன்னு சொல்லலாம் சார். பொண்டாட்டி மேல பழியைப் போடறது உங்களுக்கு அழகில்லை."

அவள் முன்னால் வந்தாள். இந்தக் கணத்தை எத்தனையோ முறை மனதில் நடத்திப் பார்த்திருந்தாள். இப்படித் துவைத்த சட்டைகளுக்கு முன்னால் என்று நினைத்ததில்லை. "அவர் சொல்றது நிஜம். நான்தான் எழுதினேன். கொன்னதும் நான்தான்."

மீசைக்காரர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "பாருங்க சார். உங்களுக்காகத் தங்கச்சி கொலைப்பழியையே ஏத்துக்குது. இவங்களைக் கண்கலங்காம வெச்சுக்குங்க."

உண்மையை இருவரும் சொன்னார்கள். அவருக்குக் கோழை என்ற பெயர் கிடைத்தது, அவளுக்குப் பத்தினி என்ற பெயர். எது மோசம் என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டுத் தானே எடிட்டரிடம் போனாள். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். "சண்டையா வீட்ல?"

"போன வாரம் கடைசியில ஒரு பத்திய அடிச்சீங்களே. அது மட்டும் அவர் எழுதினது."

எடிட்டர் சிரிப்பை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ள மறந்துபோய், "அந்தப் பத்தியா" என்றார். வேறு எந்த ஆதாரமும் அவர் கேட்கவில்லை.

"ஆனா வெளிய சொன்னா பத்திரிகை மானம் போயிடும்மா. இது இப்படியே போகட்டும். அடுத்த நாவலை உங்க பேர்லயே போடறேன்."

சொன்னபடி போட்டார். பெயருக்குக் கீழே, 'கிரேன்காரனைத் தந்தவரின் துணைவியார்' என்று கேட்காமலே ஒரு வரியையும் சேர்த்துவிட்டார். நன்றாக எழுதுகிறார், கணவரின் பாதிப்பு அதிகம், இருந்தாலும் அவருடைய மிடுக்கு இல்லை என்று வாசகர்கள் எழுதினார்கள். கணவர் அதோடு பேனாவை மூடிவிட்டார். மனைவி வளரட்டும் என்று ஒதுங்கிக்கொண்ட பெருந்தன்மை என்று ஒரு விமர்சகர் உருகினார். அவரது மௌனத்தைப் பற்றி ஒரு கருத்தரங்கும் நடந்தது. அவர் அதற்குப் போகவில்லை. அழைப்பிதழை அலமாரி மேல் வைத்துவிட்டு, முடி வெட்டிக்கொண்டு வந்தார்.

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். மூன்று நாவலுக்குப் பிறகு 'துணைவியார்' போயிற்று. ஐந்துக்குப் பிறகு 'பாதிப்பு' போயிற்று. கணவர் ஓய்வு பெற்றதும், அவள் எழுதுவதைப் படி எடுக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை மாற்றமாட்டார். காற்புள்ளிக்குக்கூட வந்து கேட்பார்.

ஒன்பதாவது நாவலில், யாரோ எழுதியதற்குப் புகழ் வாங்கிக்கொண்டு திரியும் ஒரு ஆள் வருகிறான். அதைப் படி எடுத்த நாட்களில் கணவர் எதுவும் கேட்கவில்லை. முடித்ததும் தாள்களை அடுக்கி அவள் முன்னால் வைத்தார்.

"இந்த ஆளை நீ இன்னும் கொஞ்சம் கடுமையா எழுதியிருக்கலாம்."

"எழுதினேன். நாலு தடவை" என்றாள் அவள். "ஒவ்வொரு தடவையும் அவன் வந்து ஷூ நாடாவை அவிழ்க்கறான். அதுக்கு மேல திட்ட வரல."

கணவர் தாள்களை உறையில் போட்டு, அவள் பெயரை மேலே எழுதி, மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார்.