மாமனார் வாய் மூடிய இரண்டு நாள்

தையல்நாயகியின் வலது காலில் கொப்புளம் வந்து, உடைந்து, கறுத்தும்விட்டது. அடுப்புக் கங்கை எப்போது மிதித்தாள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. வலித்தால்தானே தெரியும்!

மாமனார் உத்திராபதி பக்கவாதத்தில் விழுந்து நாலு வருஷம். பேச்சு போய், இடது கை மட்டும் அசையும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மலம் அள்ளுவது எல்லாம் அவள்தான். அவர் சாப்பிடாமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிட மாட்டாள். "மருமகள்னா தையலு மாதிரி இருக்கணும்" என்று நெடுங்காடு ஊரே சொன்னது. ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்த் தூங்கும்.

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம், தடுப்பூசி போட வந்த நர்சம்மாதான் காலைப் பார்த்து அதட்டினாள். "உணர்ச்சியே இல்லைங்குற. சர்க்கரையா இருக்கும். இன்னைக்கே காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போ, பத்து நாள் படுக்கணும். விட்டா காலையே எடுத்துடுவாங்க."

புருஷன் சோமசேகரன் முகம் சுருங்கியது. "பத்து நாளா? அப்பாவை யாரு பாக்குறது? கூலிக்கு ஆள் வச்சா ஊரு காறித் துப்பும்."

"உங்க தங்கச்சிய வரச் சொல்லுங்களேன்."

"கட்டிக் குடுத்த பொண்ணு வந்து மூத்திரம் அள்ளுறதா? அறுவடை முடியட்டும், பாப்போம்."

"சரிங்க" என்றாள். கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

கட்டிலில் கிடந்தவர் எல்லாவற்றையும் கேட்டார். மத்தியானம் அவள் கஞ்சி கொண்டுபோனபோது வாயை இறுக மூடிக்கொண்டு, இடது கையால் அவள் காலைக் காட்டினார். நீ ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் சாப்பிடுவேன் என்கிறார். அவளுக்குப் புரிந்தது, புடவையை இழுத்துக் காலை மறைத்தாள்.

சோமசேகரனுக்குப் புரிந்தது வேறு. "நாலு வருஷமா இல்லாத கோவம்! நீ என்ன மூஞ்சிய சுளிச்ச?"

மறுநாளும் அவர் வாய் திறக்கவில்லை. அவளும் சாப்பிடவில்லை. பாவம், மனுஷர் இதை யோசிக்கவேயில்லை. பொழுது சாய, கஞ்சியோடு வந்தவள் கண் இருட்டிக் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க சாப்ட்டாதானே மாமா நானும் சாப்புட முடியும்" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. நடப்பதைச் சொன்னாள்.

உத்திராபதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறந்தார். விழுங்க விழுங்கக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவள் அதையும் கஞ்சியையும் ஒரே துணியால் துடைத்தாள்.

அறுவடை முடிவதற்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தவள் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாமா சாப்ட்டாங்களா?"

"சாப்ட்டாரு, சாப்ட்டாரு" என்றான் சோமசேகரன். "தெக்குத் தெரு அல்லி கூலிக்கு வந்து பாத்துக்குறா. ஒரு கொறையும் இல்ல."