பஸ்ஸில் ஏது ஹெல்மெட்?

"தலையை ஆட்டாதடி" என்று நெரிமா அதட்டினாள். அவினோ ஆட்டவில்லை. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். காலையிலிருந்து நாலைந்து தலைகளில் ஏறி இறங்கிய ஹெல்மெட் அது. கடைசியாகப் போட்டவர் பெரிய தலைக்காரர் போலிருக்கிறது, வார் தொளதொளவென்று தொங்கியது. நெரிமா இரண்டு விரலைத் தாடைக்கடியில் விட்டு, வாரை இழுத்து, விரல் நுழைகிற அளவு இடம் வைத்துக் கொக்கியை மாட்டினாள். கென்யாவின் கிசுமு நகரில் பைக் டாக்ஸி ஓட்டுகிற பெண்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். பயணிக்கு வாரை இறுக்கிவிடுகிறவள் இவள் ஒருத்திதான். எல்லாருக்கும் செய்கிறாளா, தனக்கு மட்டுமா என்று கண்டுபிடிக்க அவினோ இரண்டு வருஷமாக முயன்று தோற்றிருந்தாள். நேராகக் கேட்டிருக்கலாம். ஊரே கேட்க மைக் பிடித்துக் கத்துகிறவளுக்கு இதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

அவினோவின் தொழில் படம் சொல்வது. கொண்டெலேப் பகுதியில் ஒமுலோ நடத்தும் வீடியோ கொட்டகையில் எந்த நாட்டுப் படம் ஓடினாலும், சத்தத்தைக் குறைத்துவிட்டு, மைக்கில் நம் பாஷையில் கதையை ஓட்ட வேண்டும். திரையில் இருக்கிறவனுக்கு அவன் அம்மா என்ன பெயர் வைத்தாளோ, அதைப் பற்றிக் கொட்டகைக்குக் கவலையில்லை. இங்கே அவன் ஓடியம்போ, வில்லன் மக்கோரி, நியூயார்க் தெரு நம்மூர் கிபுயே சந்தை. பார்க்கிறவர்களும் சும்மா இருக்கமாட்டார்கள். கதாநாயகனுக்கு வழி சொல்வார்கள், கதாநாயகியைத் திட்டுவார்கள், கதை சொல்கிறவளை வம்புக்கு இழுப்பார்கள். திரையில் எப்போதாவது இரண்டு ஆண்கள் கொஞ்சம் நெருங்கி நின்றுவிட்டால், அவர்களை வைத்து ஒரு கேலியை அவிழ்த்துவிட வேண்டும், கொட்டகை அதிரும். ஒமுலோ கற்றுக்கொடுத்த பாடம் அது. அவினோவும் அதைச் செய்திருக்கிறாள், நன்றாகவே செய்திருக்கிறாள். செய்த அன்றெல்லாம் வீட்டுக்குப் போனதும் சோறு இறங்காது.

அந்தக் கொட்டகையில் ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள்தான் கத்தோனி. ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் நேசிக்கிற படங்களாகவே மூன்று நாள் திரையிடும் விழா ஒன்றை இந்த ஊரில் முதல்முறையாக நடத்தப்போவதாகச் சொன்னாள். "கீழ ஓடுற எழுத்தைப் படிச்சிட்டு எங்க ஆளுங்க படம் பார்க்கமாட்டாங்க அவினோ. கத்தணும், சிரிக்கணும். நீங்க கதை சொல்லணும். கேலி மட்டும் வேண்டாம்" என்றாள். எப்படித் தன்னைக் கண்டுபிடித்தாள் என்று அவினோ கேட்கவில்லை. கண்டுபிடிக்கப்பட்டதே சந்தோஷமாக இருந்தது. நம்பிக்கையான ஒரே ஒரு விருந்தாளியின் பெயரைக் கொடுக்கலாம் என்று கத்தோனி பட்டியலை நீட்டியபோது, கை தானாக நெரிமா மக்கோகா என்று எழுதிவிட்டது. எழுதியதோடு சரி. நெரிமாவிடம் சொல்லத் தைரியம் வந்தால்தானே?

விழாவின் இரண்டாம் நாள் அவினோவின் முறை; தினம் ஒரு மண்டபம், எங்கே என்று அன்று காலையில்தான் செய்தி வரும். எட்டக்கூடாதவர்கள் காதுக்கு எட்டினால் கல்லோடு வருவார்கள் என்பதால் அந்த ஏற்பாடு. வாசலில் 'மகளிர் மீன் பதப்படுத்தும் கருத்தரங்கு' என்று பெரிதாகத் துணி கட்டியிருந்தார்கள். நெரிமா பைக்கை நிறுத்தி அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"காதல் படத்துக்குக் கதை சொல்லப் போறேன்னியே. மீன் காயவைக்கக் கத்துக்கப் போறியா?"

"படமும் உண்டு."

"மீனுங்க காதலிக்குற படமா?"

"உள்ள வந்துதான் பாரேன்" என்றது அவினோவின் வாய். 

"எனக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு சவாரி இருக்குடி. முடிஞ்சதும் வரேன். நல்லாக் கத்து, வெளியில கேக்கணும்" என்று ஹெல்மெட்டை வாங்கிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு நெரிமா பறந்துவிட்டாள். மஞ்சள் மேல்சட்டையில் முன்னும் பின்னும் இருக்கும் ஒளிப்பட்டைகளில், முதுகிலிருந்த இரண்டும் வெயிலில் பளிச்சென்று போய் மறைந்தன. அப்பாடா என்றும் இருந்தது, அழுகையாகவும் வந்தது அவினோவுக்கு.

உள்ளே கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஜன்னல்களில் கம்பளி தொங்கியது. போன்கள் எல்லாம் வாசலில் ஒரு கூடையில் கிடந்தன. மீன் சுடுகிற பெண்கள் சந்தையிலிருந்து நேராக வந்திருந்தார்கள், அவர்கள் உட்கார்ந்த பக்கம் புகை வாசனை. சிகை அலங்காரக் கடைக்காரிகள், கல்லூரிப் பிள்ளைகள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே மறுத்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நேற்றைய படத்தைப் பற்றி ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசினார்கள். எண்ணெயில் பொரித்த மண்டாசி ரொட்டித் தட்டு கை மாறியது. இத்தனை பேரா என்று அவினோ வாய் பிளந்தாள். இதே ஊரில், இதே தெருக்களில், இத்தனை பேரும் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள்? உடம்பெல்லாம் சிலிர்த்து, மைக்கைச் சரிபார்க்கும் சாக்கில் இரண்டு தடவை சும்மா இருமினாள்.

விளக்கு அணைந்தது. அப்போதுதான் நோட்டு நினைவுக்கு வந்தது. பச்சை அட்டை நோட்டு. படத்தை ஆறு தடவை பார்த்து, யார் யாருக்கு என்ன பெயர், எந்த இடத்தில் என்ன பேச்சு என்று வரிசையாக எழுதி வைத்தது. பைக்கின் பின்பெட்டியில் பத்திரமாக இருந்தது. பைக் ஆஸ்பத்திரிப் பக்கம் போயிருந்தது.

படம் தொடங்கிவிட்டது, இனி யாரிடம் முறையிடுவது? எங்கோ வடக்கே, பாஷை தெரியாத ஒரு குளிர்நாடு. ஊரே பனியில் மூழ்கிக் கிடக்கிறது. அதில் பஸ் ஓட்டுகிறாள் ஒருத்தி. ரொட்டிக்கடை வைத்திருக்கும் இன்னொருத்தி தினமும் விடியலில் அந்த பஸ்ஸில் ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிகிற ஓட்டுநரின் முகத்தையே பார்த்துக்கொண்டு போகிறாள். பேசுவதில்லை. அவ்வளவுதான் கதை. ஓட்டுநருக்கு ஒரு நல்ல பெயர் யோசித்து வைத்திருந்தாள் அவினோ. அகெலோவா, அபுயோவா? பஸ் பனியைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது, கதவு திறந்தது, அவள் திரும்பிப் பார்த்தாள். சபை காத்திருந்தது.

"இதோ வந்துட்டா பாருங்க! புயல் அடிச்சாலும் ஒரு நிமிஷம் தப்பாம வர்றவ! யாரு? நம்ம நெரிமா!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நாக்கில் சனி உட்கார்ந்துவிட்டது. ஆனால் மைக்கில் போன பெயரைத் திரும்ப வாங்க முடியாது. சபை அதை வாரி எடுத்துக்கொண்டுவிட்டது. "நெரிமா, கதவை மூடு, குளிரடிக்குது!" என்றாள் மீன்காரி ஒருத்தி. "நெரிமா, என்னையும் ஏத்திக்கோ!" என்றான் ஒரு கல்லூரிப் பையன். சரி போகட்டும், அவள்தான் இங்கே இல்லையே என்று அவினோ மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்தத் தைரியத்தில் குரல் சூடுபிடித்தது. நெரிமா எப்படி பிரேக் பிடிப்பாள், எதிரே வரும் லாரிக்காரனை எப்படித் திட்டுவாள், சிரிப்பை எப்படி உதட்டோரத்தில் மடித்து வைப்பாள் என்று நோட்டில் இல்லாததெல்லாம் வாயில் வந்தது. இப்படி ஒரு நாளும் அவள் படம் சொன்னதில்லை.

பஸ் வழுக்கியது. "நெரிமா! பிரேக்! பிரேக் போடு!" என்று மண்டபமே எழுந்து நின்று அலறியது. அந்த நேரம் திரை முழுக்கப் பனி. அந்த வெள்ளை வெளிச்சம் கடைசிச் சுவர் வரைக்கும் போய் அடித்தது. சுவரோரம், கதவுக்குப் பக்கத்தில், இரண்டு ஒளிப்பட்டைகள் பளிச்சென்று எரிந்தன.

நெரிமா. ஒரு கையில் பச்சை நோட்டு, மறு கையில் இரண்டு ஹெல்மெட். கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறாள். பட்டியலில் பெயரைப் பார்த்துக் கத்தோனி உள்ளே விட்டிருக்கிறாள். இப்போது நூற்றைம்பது பேர் தன் பெயரைக் கூப்பிட்டு பிரேக் போடச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அப்படியே நிற்கிறாள்.

"ரொட்டிக்கடைக்காரி பேரு என்னடி?" என்று யாரோ கேட்டார்கள்.

அவினோ கதவுப் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "அவளுக்கு... இன்னும் பேரு வைக்கலை."

"உன் பேரையே வச்சுக்கோயேன்!" என்றாள் முன்வரிசைச் சிகை அலங்காரக்காரி. மண்டபம் கொல்லென்று சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்பதுதான் அதைவிட மோசம்.

திரையில் இருட்டியது. ரொட்டிக்கடையில் மின்சாரம் போய்விட்டது, ஓட்டுநரும் கடைக்காரியும் ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மண்டபமும் இருண்டது. பின்னால் கதவு திறந்து, வெளியே இருந்த மத்தியான வெயில் ஒரு கீற்று உள்ளே விழுந்து, மறுபடி மூடியது.

போய்விட்டாள்.  இனி நாளைக் காலையில் வாசலில் ஹாரன் சத்தம் கேட்காது. வேறு யாரோ ஒருவன் வருவான், ஹெல்மெட்டைக் கையில் தூக்கிக் கொடுப்பான், அவளே மாட்டிக்கொள்வாள். இதைச் சரிசெய்ய இன்னும் வழியிருந்தது. ஒமுலோ சொல்லிக்கொடுத்த வழிதான். திரையில் இருக்கும் நெரிமாவை ஒரு கோமாளியாக்கி, பஸ்ஸோடு கொண்டுபோய் ஏரியில் தள்ளி, எல்லாம் விளையாட்டு என்று முடித்துவிடலாம். கேலி நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கதை வெளியே நெரிமாவின் காதுக்குப் போனாலும் சிரிப்பாகத்தான் போகும்.

திரையில் கடைக்காரி வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக் கேலி பேச அவினோவால் முடியவில்லை.

"நெரிமா" என்றாள் மைக்கில், மெதுவாக. "ரெண்டு வருஷமா உன்கூட வரேன். நான் போற இடத்துக்கு நடந்தே போயிடலாம், தெரியுமா? பத்து நிமிஷம். நீ அந்த வாரை இழுத்து விடுவியே, ரெண்டு விரலை உள்ள விட்டுப் பார்ப்பியே, அதுக்குத்தான் வரேன். எல்லாருக்கும் இப்படித்தான் செய்யறியான்னு கேக்கணும்னு இருந்தேன். இப்போ கேக்குறேன்."

மண்டபத்தில் ஒரு மண்டாசி கடிக்கிற சத்தம்கூட இல்லை. பிறகு அந்த மீன்காரி, குழப்பம் தாங்காமல், "ஏண்டி, பஸ்ஸில ஏது ஹெல்மெட்?" என்று கேட்டாள்.

"ஸ்ஸ்!" என்று பத்துப் பேர் அவளை அடக்கினார்கள். கறுப்புக் கண்ணாடி வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரையில் ஓட்டுநர் குனிந்து ஊதினாள். மெழுகுவத்தி அணைய, காட்சி மாறியது. விடிகிறது, ஊர் முழுக்கப் புதுப்பனி, காலியான சாலை. வெளிச்சம் மறுபடியும் மண்டபத்துக்குள் வழிந்தது. அவினோ கடைசிச் சுவரைப் பார்த்தாள். அங்கே கத்தோனி மட்டும் நின்றாள். கையில் தண்ணீர்க் குடம் இருந்தது. சற்றுமுன் கதவைத் திறந்து வெளியே போனவள் அவள்தான்.

ஒளிப்பட்டைகள் எங்கே? அவினோ வரிசை வரிசையாகத் தேடினாள். திரையில் பஸ் கிளம்பிவிட்டது, கடைக்காரி சாலையோரம் காத்திருக்கிறாள், இவள் வாய் திறக்கவில்லை. "கதை சொல்றவளே, தூங்கிட்டியா?" என்று குரல் வந்தது.

பக்கத்தில்தான் பளிச்சென்றது. இருட்டில் எப்போது நகர்ந்து வந்தாளோ, முன்வரிசையின் ஓரத்தில், மைக் மேசைக்கு இரண்டடி தள்ளி, நெரிமா உட்கார்ந்திருந்தாள். பச்சை நோட்டு திறக்கப்படாமல் தரையில் கிடந்தது. அவள் அவினோவையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. மடியில் பயணியின் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சவாரிக்கு வந்த பெரிய தலைக்காரர் தளர்த்திவிட்டுப் போன வாரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, இரண்டு விரலை உள்ளே விட்டு, அவினோவின் தாடைக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.