ஐந்து நிமிடம் ஓடிய தண்ணீர்

எங்கள் ஆய்வகத்தில் அவரைக் குழாயடி மேடம் என்பார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். குடிநீரைச் சோதிக்கும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருட விஞ்ஞானி. அவர் போட்ட சண்டையெல்லாம் குழாயைப் பற்றித்தான்.

மாதிரி எடுக்க எங்களுக்கு ஒரு விதி உண்டு. குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதற்குப் பிறகே பிடிக்க வேண்டும். இரவு முழுக்கப் பழைய ஈயக் குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீர் அந்த ஐந்து நிமிடத்தில் வெளியே போய்விடும். நம் அறிக்கைகள் சுத்தமாக இருப்பது அதனால்தான் என்றார் மேடம்.

"தாகத்தோட வர்ற பிள்ளை அஞ்சு நிமிஷம் கடிகாரத்தப் பாத்துட்டா குடிக்கும்?"

ஒரு மழலையர் பள்ளியில், காலையில் குழாயைத் திறந்தவுடன் வந்த தண்ணீரைப் பிடித்தார். கருவியில் ஓட்டியது நான். ஈயம் அனுமதித்த அளவைவிட ஆறு மடங்கு அதிகம். நம்பாமல் மூன்று முறை ஓட்டினேன். மேடம் யாரையும் கேட்காமல் முடிவைப் பெற்றோருக்கு அனுப்பினார். மறுநாளே இயக்குநர், மாதிரி எடுத்ததில் பிழை என்று இன்னொரு கடிதம் அனுப்பினார். பெற்றோர் இரண்டாவதை நம்பினார்கள். நம்புவதற்குச் சுலபமானது அதுதான்.

விசாரணையில் என்னைக் கூப்பிட்டார்கள்.

"அஞ்சு நிமிஷம் தண்ணிய ஓட விட்டாங்களா?" என்றார் இயக்குநர்.

"இல்ல சார். ஆனா..."

"விட்டாங்களா, இல்லையா?"

"இல்ல சார்."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். என் 'ஆனா' அதில் இல்லை.

வெளியே பெஞ்சில் மேடம் உட்கார்ந்திருந்தார். கையில் பணியிடை நீக்க உத்தரவு.

"உள்ளதத்தானே சொன்னே. எதுக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு நிக்கிறே?"

"மன்னிச்சிருங்க மேடம்."

"அத விடு. நாளைக்கு அதே பள்ளியில மறுபடி மாதிரி எடுக்க உன்னத்தான் அனுப்புறாங்க. வாயில்லாப் பூச்சியாச்சே, அதான்." சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "விதிப்படி ஒரு பாட்டில் பிடி. அதுக்கு முன்னாடி, திறந்ததும் ஒரு பாட்டில். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கட்டும். வேற ஒண்ணும் வேண்டாம்மா எனக்கு."

"பிடிக்கிறேன் மேடம்."

எனக்கே கேட்கும்படி சொன்னேன். அபூர்வம்.

மறுநாள் ஆறரைக்குப் போய் நின்றேன். பையில் இரண்டு பாட்டில்கள். ஒன்றில் அலுவலகச் சீட்டு, மற்றதில் ஒன்றும் இல்லை. அனுமதிக் கடிதத்தில் அந்த ஒரு நாள் தேதி மட்டும்தான்.

கேட்டைத் தாண்டும்போதே சத்தம் கேட்டது. முற்றத்தில் நான்கு குழாய்களும் முழுக்கத் திறந்து கொட்டிக்கொண்டிருந்தன.

"வாம்மா கண்ணு," என்றார் பள்ளி ஆயா. "நேத்தே உங்க ஆபீஸ்லருந்து போன் பண்ணிட்டாங்க. நீ வந்து காத்துக் கிடக்கக் கூடாதுன்னு அஞ்சரைக்கே தொறந்து விட்டுட்டேன்."

"வேற குழாய் இருக்கா ஆயாம்மா? சமையலறையில?"

"அதையும்தான். ஒண்ணு விடல. என் வேலையில யாரும் குத்தம் சொல்லிட முடியாது."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி விதிப்படி இன்னும் ஐந்து நிமிடம் நின்றேன். சீட்டு ஒட்டிய பாட்டிலை நிரப்பினேன். படிவத்தில் 'ஓடவிடப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். இன்னொரு பாட்டில் பையிலேயே காலியாக இருந்தது.

ஆயா ஒவ்வொரு குழாயாக இறுக்கி மூடினார்.

"ஆயாம்மா, தினமும் பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி இப்படிக் கொஞ்ச நேரம் தொறந்து விடுவீங்களா?"

"தினமுமா? நாளைக்கு யாரும்மா வரப்போறா? தண்ணிய வீணாக்குறேன்னு என்னைத்தான் திட்டுவாங்க."

"இல்ல, அந்த ஈயம்..."

"அது தப்புன்னுதான் கடிதாசி வந்துடுச்சே," என்றார் ஆயா, கடைசிக் குழாயை மூடிக்கொண்டே. "உங்க ஆபீஸ்தானே அனுப்புச்சு?"