கஜந்தினிக்கு நான் எழுதிய சிபாரிசு

தன் மகள் கணக்காளராக வேண்டும் என்று யசீகரன் முடிவெடுத்தபோது அவளுக்குப் பல் முளைத்திருக்கவில்லை. பதினெட்டாவது வயதில் அந்த மகள் கஜந்தினி, தான் படிக்க விரும்பும் பாடங்களை ஒரு தாளில் எழுதி அப்பாவின் முன்னால் வைத்தாள். தத்துவம், வானியல், மாவோரி வரலாறு, நாடகம் என்று அது தாளின் மறுபக்கத்துக்கும் போனது. கடைசி வரியில், பென்சிலால், கணக்கியல்.

ஒக்லாந்தின் மாசி என்ற புறநகரில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகை வேலிதான். அந்த வாரம் அங்கே எழுந்த சத்தத்தில் வேலியின் ஆணிகள் தாமாகக் கழன்று எங்கள் பக்கம் விழுந்தன.

"கணக்கியல் எண்டால் இஞ்சை இருக்கிற ஆல்பனிக் கம்பஸுக்கு நான் காசு கட்டுறன். நாடகத்துக்கு ஒரு சதமும் இல்லை," என்றான் யசீகரன்.

கஜந்தினி எப்போதும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். கோபம் தலைக்கேறினால் மட்டும் தமிழ் வரும். அந்த வாரம் முழுக்கத் தமிழ்.

நான் வேலிக்கு மேலால் தலையை நீட்டினேன். "சண்டை வேண்டாம். எல்லாத்தையும் படிச்சு, கணக்கியலும் படிக்கிற இடம் அமெரிக்காவிலை இருக்கு. லிபரல் ஆர்ட்ஸ் கொலிஜ் எண்டு சொல்லுறது."

"காசு, அண்ணை?" என்றாள் அவளுடைய தாய் சுகந்தினி.

"முழு ஸ்கொலர்ஷிப் குடுக்கிற இடமாப் பாப்பம்."

"அப்பிடி ஒண்டு கிடைச்சால் போகட்டும்," என்றான் யசீகரன், கிடைக்காது என்ற தைரியத்தில். "கிடைக்காட்டி ஆல்பனி. பிறகு கதை இல்லை."

ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையின் கிடங்கை இருபத்தொன்பது வருஷம் கட்டி ஆண்டு ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் நேரம் மலையாகக் குவிந்து கிடந்தது. நானும் கஜந்தினியுமாகத் தேடத் தொடங்கினோம். மூவாயிரம் கல்லூரிகளை அலசினேன். என் மனைவி சரோஜாதேவி அறுபது என்பாள். அவள் எண்ணியது தேநீர் கொண்டுவந்த தடவைகளை.

இந்தக் கல்லூரிகளில் பெரும்பாலானவை கணக்கியல் என்றாலே முகம் சுளிக்கின்றன. பொருளாதாரம் இருக்கும், பழைய கிரேக்கம் இருக்கும், ஆறு பேருக்கு ஒரு கவிதை வகுப்பு இருக்கும். கணக்கியலா, அது ஒரு தொழில், அதை வேறெங்காவது போய்ப் பழகு என்கிற தோரணை. கணக்கியல் இருந்த இடங்கள் சிலவற்றில் அதற்கு ஒரே ஒரு ஆசிரியர், மாலையில் அவரே நீச்சல் பயிற்சியாளர். நல்ல கணக்கியல் துறையும் இருந்து, படித்து வெளியேறியவர்கள் கணக்காளர் பரீட்சையில் தேறியும் இருந்து, வெளிநாட்டுப் பிள்ளைக்கு முழுச் செலவும் கொடுக்கிற இடம் என்று சலித்துப் பார்த்ததில் மிஞ்சியது ஒன்று. சோளக்காட்டுக்கு நடுவில், பாதி வருஷம் பனியில் புதைந்து கிடக்கும் ஒரு சின்னக் கல்லூரி. அதன் பாடப் பட்டியலைப் பார்த்த கஜந்தினி மூச்சு விட மறந்துபோனாள். நான்தான் முதுகில் தட்டினேன்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே அவளை அறிந்த ஒருவரும் சிபாரிசுக் கடிதம் எழுதலாம் என்று அந்தக் கல்லூரி சொன்னது. அவள் என் பெயரைக் கொடுத்தாள். நான் எங்கள் பகுதித் தமிழ் முதியோர் கழகத்தின் செயலாளர். அவளோ புதன்கிழமைகளில் வந்து கழகத்தின் வரவு செலவைக் கணினியில் ஏற்றித் தருபவள்.

உள்ளதை எழுதினால் போதும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கடிதத்தைத் தான் பார்க்கப்போவதில்லை என்று விண்ணப்பத்தில் ஒரு பெட்டியில் டிக் போடவேண்டுமாம். போட்டுவிட்டாள்.

நான் எழுத உட்கார்ந்தேன். அப்படி ஒரு சுகத்தை நான் ஓய்வு பெற்ற நாளில்கூட அனுபவித்ததில்லை. எங்கள் கழகத்தில் ஆயிரத்து நானூறு உறுப்பினர்கள். குலைந்து விழ இருந்த அந்தக் கழகத்தின் நிதியை, பதினாறே வயதில், தன்னந்தனியாக மீட்டவள் கஜந்தினி. முதியோரை இரவும் பகலும் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பவள். கடிதத்தை முடித்தபோது அவளுக்குச் சிலை வைக்காமல் இருப்பது ஒக்லாந்துக்கே வெட்கம் என்று எனக்குத் தோன்றியது. பொத்தானை அழுத்தினேன். நன்றி, பெற்றுக்கொண்டோம் என்றது திரை.

ஜனவரி நடுப்பகுதியில் கஜந்தினி எங்கள் சமையலறைக்குள் வந்தாள். கையில் கைபேசி. வாயில் தமிழ்.

"அங்கிள், உங்கடை கழகத்திலை எத்தினை பேர்?"

"நாப்பத்திமூண்டு."

"இதிலை ஆயிரத்து நானூறு எண்டு கிடக்கு."

கல்லூரியிலிருந்து வந்த மின்னஞ்சலை வாசித்துக் காட்டினாள். ஆயிரத்து நானூறு பேர் கொண்ட அமைப்பின் நிதியை மீட்ட மாணவியோடு பேச ஆவலாக இருக்கிறார்களாம். ஸ்கொலர்ஷிப்புக்கான நேர்முகம், வீடியோவில். அந்த அனுபவத்தை அவள் விரிவாகச் சொல்லவேண்டுமாம்.

"நான் எதை அங்கிள் மீட்டனான்?"

"கழகக் கூட்டம் வைக்கிற ஹோல் வாடகையை நான் ரெண்டு தரம் கூட்டிப்போட்டன். நீதானே கண்டுபிடிச்சனீ."

"நூற்றி இருபது டொலர்!"

சரோஜா அடுப்பை அணைத்தாள். "இஞ்சேருங்கோ, இன்னும் என்ன எழுதினனீங்கள்?"

சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொல்லும்போது அவை எழுதியபோது இருந்த அழகை இழந்துகொண்டே வந்தன.

"பிள்ளை, நீ இதை விளங்கிக்கொள்ளவேணும்," என்றேன். "எங்கடை ஆக்கள் நூறு எண்டு எழுதினால் வாசிக்கிறவன் ஐம்பது எண்டுதான் எடுப்பான். கலியாணத்துக்கு மாப்பிள்ளை மனேஜர் எண்டு எழுதினால் கிளார்க் எண்டு ஊருக்கே விளங்கும். பொம்பிளை நல்லாப் பாடுவாள் எண்டால், பாட்டெண்டால் எழும்பி ஓடமாட்டாள் எண்டு அர்த்தம். நான் நாப்பத்திமூண்டு எண்டு போட்டிருந்தால் அவன் இருபது எண்டு நினைச்சிருப்பான். உனக்கு நட்டம் வரக்கூடாதெண்டு கழிக்கிறதுக்கும் சேர்த்துப் போட்டனான்."

"பாதி கழிச்சாலும் எழுநூறு, அங்கிள்!"

என் கணக்கை நானே கழித்துப் பார்த்தேன். எழுபது வருஷத்தில் முதல் தடவை.

"அந்தக் கொலிஜ் ஆக்கள் கழிக்க மாட்டினம்," என்றாள். "நீங்கள் சொன்னதை அப்பிடியே நம்புவினம். இப்ப நான் ஓம் எண்டால் பொய். இல்லை எண்டால் என்ரை ஃபைலிலை பொய்." கதவைச் சாத்தாமலே போய்விட்டாள்.

கடிதத்தைத் திருப்பி எடுக்க நான் செய்த போரை எந்த ராணுவமும் செய்திருக்காது. அந்தத் திரையில் அழுத்தக்கூடிய இடத்தையெல்லாம் அழுத்தினேன். அழுத்தக்கூடாத இடங்களையும் அழுத்தினேன். பெற்றுக்கொண்டோம், நன்றி. மின்னஞ்சல் அனுப்பினேன், பனிப்புயலால் அலுவலகம் மூடியிருக்கிறது என்று நொடியில் பதில் வந்தது. தொலைபேசியில் ஒரு பெண்குரல் ஒன்பது வழிகள் காட்டியது. கூட்டி எழுதிவிட்டேன், குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. புதிதாக ஒரு விளக்கக் கடிதம், பதினோரு பக்கம், எழுதி முடித்தேன். சரோஜா வாங்கி வாசித்தாள்.

"இதிலை அவள் தீயணைப்புப் படையிலை இருக்கிறாள்," என்றாள். கிழித்துப் போட்டாள்.

நேர்முகம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு. அங்கே அப்போது திங்கள் பகல். கஜந்தினியின் வீட்டில் இரண்டு தம்பிமார் இருந்ததால் எங்கள் முன்னறையைத்தான் கேட்டாள். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரைக் காற்சட்டை, காதில் இயர்ஃபோன். கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே நடையில் நான், என் கையை இறுக்கிப் பிடித்தபடி சரோஜா. அந்தப் பக்கம் கேட்கிற கேள்வி ஒன்றும் எங்களுக்குக் கேட்கவில்லை. கஜந்தினியின் ஆங்கிலப் பதில்கள் மட்டும் கதவுக்கு அடியால் வந்தன.

"இல்லை, நாற்பத்து மூன்று."

சரோஜா காதைக் கதவில் வைத்தாள்.

"சாப்பாடு இருந்தால் நாற்பத்து மூன்று. இல்லாவிட்டால் பத்தொன்பது."

அடுத்த கேள்வி. அது நூறு வருஷம் நீடித்தது. சரோஜாவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. உள்ளே போய் எல்லாவற்றையும் நான் சரிசெய்துவிடுவேன் என்று வாயைத் திறந்தேன். அவள் மற்றக் கையால் பொத்தினாள்.

"இல்லை," என்றது கஜந்தினியின் குரல். "அவர் என்னை ஏமாற்றச் சொல்லவில்லை. நான் அந்தக் கடிதத்தைப் பார்க்கவே இல்லை."

கதவு திறந்தது. "அங்கிள், உங்களைக் கேக்கினம்."

நான் சாரமும் பெனியனுமாக நின்றேன். சரோஜா எங்கிருந்தோ ஒரு சட்டையை என் தலையில் மாட்டினாள். திரையில் நரைத்த முடியோடு ஓர் அம்மா. அவருக்குப் பின்னால் யன்னல் முழுக்க வெள்ளையாகப் பனி. மிகவும் மரியாதையாக, மிஸ்டர் மூர்த்தி, உங்கள் கடிதத்தில் ஏதாவது திருத்த விரும்புகிறீர்களா என்று கேட்டார்.

உறுப்பினர் தொகையைத் திருத்தினேன். நிதியை மீட்டதைத் திருத்தினேன்.

இரவும் பகலும் முதியோரைப் பார்த்தது?

"ஒருநாள். கழகத்துப் பங்கஜம் அக்காவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பகலில்."

அந்த அம்மா எழுதிக்கொண்டார். பிறகு, அப்படியானால் இவளை நாங்கள் ஏன் எடுக்கவேண்டும் என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினார்.

எனக்குள் பதினாயிரம் பதில்கள் வரிசையில் முண்டியடித்தன. ஒவ்வொன்றும் நாக்கு நுனிக்கு வந்ததும் நானே அதை நம்பவில்லை. கெட்டிக்காரி என்றால் எவ்வளவு கெட்டிக்காரி? அந்த அம்மா என் எந்தச் சொல்லை இனி எப்படி எடுப்பார்? கடைசியில் ஹோல் வாடகைக் கதையைச் சொன்னேன். என் கூட்டலில் பிழையில்லை என்று நான் ஒரு மணி நேரம் எல்லார் முன்னாலும் வாதாடினேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை, போகவும் இல்லை. முடிந்ததும் பென்சிலைத் தந்து இன்னொருமுறை கூட்டச் சொன்னாள். கூட்டினேன். அவள் சொன்னதுதான் சரி. அடுத்த புதன்கிழமையும் வந்தாள்.

அவ்வளவுதான். அதற்குமேல் என்னிடம் உண்மை இருக்கவில்லை. அவர் நன்றி சொல்லித் திரையை மூடினார்.

பிப்ரவரி கடைசியில் ஆல்பனியில் கணக்கியல் வகுப்புகள் தொடங்கின. ஆகஸ்டில் அமெரிக்கா போகலாம் என்ற நினைப்போடு கஜந்தினி வெஸ்ட்கேட்டில் பஸ் மாறிப் போய்வந்தாள். மார்ச் இருபத்தெட்டாம் தேதி பதில் வந்தது. இந்த ஆண்டு இடம் கொடுக்க முடியவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறார்கள். விண்ணப்பித்தவர்கள் மிக அதிகம். காரணங்களைத் தனித்தனியாகச் சொல்வது வழக்கமில்லை.

"என்ரை கடிதத்தாலையோ, பிள்ளை?" என்று வேலிக்கு இப்பால் நின்று கேட்டேன்.

"தெரியாது அங்கிள்," என்றாள். தமிழில்தான், ஆனால் சத்தம் இல்லாமல். "இனித் தெரியவும் வராது."

யசீகரன் அன்று மாலை கேக் வாங்கி வந்தான். பாதியை எங்களுக்குக் கொண்டுவந்து தந்துவிட்டு, "எல்லாம் நன்மைக்குத்தான் அண்ணை," என்றான். சுகந்தினி அவனோடு வரவில்லை. துணி உலர்த்த வெளியே வந்தால் என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உலர்த்தினாள். கேக்கை நான் தொடவில்லை. சரோஜா அதை இரண்டு நாள் மூடி வைத்துவிட்டுக் குப்பையில் போட்டாள்.

ஏப்ரலில் கஜந்தினி ஒரு தாளோடு வந்தாள். ஹெண்டர்சனில் ஒரு சிறிய கணக்காளர் அலுவலகத்தில் சனிக்கிழமை வேலை. உறவில்லாத ஒருவரின் உறுதிக் கடிதம் வேண்டுமாம்.

"நான் எழுதித் தாறன்!" என்று எழும்பினேன்.

"எழுதியிட்டன், அங்கிள். நீங்கள் கையெழுத்து மட்டும்."

மூன்று வரிகள். கஜந்தினியை எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். அவள் என் அயல்வீட்டில் வசிக்கிறாள். சொன்ன நேரத்துக்கு வருவாள்.

"பன்ரண்டோ? நீங்கள் உந்த வீட்டுக்கு வந்து பதினைஞ்சு வருஷம். உனக்கு மூண்டு வயசு, வேலிக்குள்ளாலை பூந்து என்ரை தக்காளி முழுக்கப் பிடுங்கினனீ."

"அது எனக்கு நினைவில்லை. நினைவிலை இருக்கிறதுதான் பன்ரண்டு."

"பதினைஞ்சு உண்மை, பிள்ளை. சரோவைக் கேள். இந்த ஒருக்கால் நான் கூட்டிச் சொல்லேல்லை."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நம்ப விரும்புகிறாள் என்று தெரிந்தது. சரோஜாவைக் கூப்பிடத் திரும்பினேன். அவள் கடைக்குப் போயிருந்தாள்.

"பன்ரண்டு இருக்கட்டும், அங்கிள்," என்றாள் கஜந்தினி.

நான் பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.